ஈரத்துணிக்குள் சென்னகேசவன்

சிற்பி சென்னகேசவன் இறந்து பதினேழாம் நாள் வந்து, தன் களிமண் சிலையின் மூக்கைத் திருத்திவிட்டுப் போனார். பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் சிற்பம் சொல்லிக்கொடுத்தவர். அன்னூரிலிருந்து மதுக்கரை வரை சாலை முக்குகளில் நிற்கும் சிலைகளில் பாதி அவர் செய்தவை. மீதி அவருடைய மாணவர்கள் செய்தவை. பாஸ்போர்ட் சைஸ் படத்தோடு வந்து அப்பாவுக்குச் சிலை கேட்பவர்களிடம், "போட்டோவுல பின்னந்தலை இல்லீங்களே" என்பார். பிறகு அவர்கள் வீட்டில் அரைநாள் உட்கார்ந்து, மகன்களின் பின்னந்தலைகளைப் பார்த்துவிட்டு வருவார். வகுப்பில் பேச்சே கிடையாது. மாணவனின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார், தோளுக்கு மேலாகக் கை நீளும், பெருவிரலால் ஒரே ஒரு அழுத்து. அதுவரை மண்ணாக இருந்தது முகமாகிவிடும். அந்த விரலில் உளி பட்ட தழும்பு குறுக்காக ஓடியது. அதனால் மூக்கில் விழுந்த தடம் யாருடையது என்று கேள்வியே எழவில்லை.

சிலையைச் செய்துகொண்டிருந்தவன் அவருடைய பழைய மாணவன் கதிர்வேல். நினைவு விழாவுக்காக வாத்தியார் வீட்டுப் பட்டறையிலேயே செய்தான். மண் காயாமலிருக்கச் சாயங்காலம் ஈரத்துணி சுற்ற வேண்டும். வாத்தியார் எப்போதும் மறந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அது அவர் மனைவி பத்மாவதியின் வேலை. இப்போதும் அவரே சுற்றினார். காலையில் துணியை எடுத்தால் புதிதாக ஒரு தடம். கதிர்வேல் சரிசெய்வான், மறுநாள் வாத்தியார் பழையபடி ஆக்கியிருப்பார். சங்கடம் என்னவென்றால், திருத்தம் அத்தனையும் தப்பு. ஊரார் முகமெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த மனிதருக்குத் தன் முகம் மட்டும் தெரியாது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

பத்மாவதிக்குத்தான் அந்த முகம் வேண்டும். வாத்தியார் படமெடுக்க நின்றவரில்லை. ஆதார் அட்டையில் இருப்பவர் வேறு யாரோ. முகம் மறந்துபோகும் என்ற பயத்தில், சிலை செய்யச் சொல்லி முதலில் கேட்டதே பத்மாவதிதான். இப்போது மேலே பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்தால் முகம் நிலைக்கும். ஆனால் அச்சு எடுத்தபின் களிமண்ணைத் தோண்டி எறிய வேண்டும். அப்புறம் அந்த விரல் எங்கே வரும்?

"ஏனுங்கம்மா, இன்னைக்கே அச்சு எடுத்துப்போடலாமுங்க. உட்டா மூஞ்சியே போயிருமுங்க" என்றான் கதிர்வேல்.

"எடுத்துரு கண்ணு" என்றார் பத்மாவதி.

அவன் பிளாஸ்டரைக் கரைத்தான். அவர் சிலையை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றுகொண்டார். நகரவும் முடியவில்லை, வேண்டாமென்று சொல்லவும் வாய் வரவில்லை. பிளாஸ்டர் பத்து நிமிடம்கூடப் பொறுக்காது, பேசினிலேயே இறுகிவிட்டது. மறுபடி கரைத்தான், மறுபடி இறுகியது. மூன்றாவது பேசினும் கல்லானபோது பத்மாவதி அழுதார். கதிர்வேலுக்கும் கண் கலங்கியது. இரண்டு பேராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"அவரு வந்துட்டுப் போறாரல்ல கண்ணு. வரட்டும் உடு" என்றார் கடைசியில்.

விழாவில் ஈரக் களிமண்ணைத்தான் திறந்துவைத்தார்கள். பேசியவர்கள் அச்சு அசல் அவரே என்றார்கள்; பத்மாவதி தலையாட்டினார்.

இது நடந்து நான்கு வருடமாகிறது. மூக்கு ஒரே மாதத்தில் போயிற்று, பிறகு புருவம், போன தை மாதம் வாய். இப்போது அது தடங்கள் நிறைந்த ஓர் உருண்டை. பழைய மாணவர்கள் வந்தால் அதற்குத்தான் மாலை போடுகிறார்கள். கோடையில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வரும்போதும் முதல் குடம் பட்டறைக்குத்தான் போகிறது. வாத்தியாரின் மூக்கு எப்படி இருந்தது என்று பத்மாவதியைக் கேட்டால், அவருக்கும் இப்போது சொல்லத் தெரியவில்லை. இன்று காலைத் தடம் இடப்பக்கம், காது இருந்த இடத்தில். சாயங்காலம் அவர் துணியை நனைத்துச் சுற்றினார்.