வாத்து சொன்ன பதில்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி ஹல்ஷ்கா குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு, "நான் போறேன். என்னைத் தேடாதே" என்றாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "போறவங்க கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிருது" என்றேன். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

இதில் என் தவறு என்னவென்று எனக்குப் பிடிபடவே இல்லை. அவள் சொன்னது முள்ளெலியின் வசனம். நான் சொன்னது அதற்கு வாத்து சொல்லும் பதில். தபால் நிலையம் நடத்தும் முள்ளெலியைப் பற்றிய அந்த வெளிநாட்டுக் கார்ட்டூன் படத்தைப் போலந்தில் பார்க்காத ஆளில்லை. அதன் இரண்டாம் பாகத்தைப் பார்த்தவர்கள், எனக்குத் தெரிந்து, நானும் ஹல்ஷ்காவும்தான். ஈயாடிய திரையரங்கில் தனித்தனியாக வந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பிறகு கல்யாணம் செய்துகொண்டால் வேறு எதைத்தான் பேசுவார்கள்? எங்கள் மொழியில் குரல் கொடுத்த புண்ணியவான்கள் மூலப்படத்தில் இல்லாததையெல்லாம் நுழைத்திருந்தார்கள்: இறைச்சிக்கடை வரிசை, தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் அம்மாள், எங்கள் ரயில்களின் தாமதம். வாடகை ஏறினால் முள்ளெலி, மாமியார் வந்தால் வாத்து என்று எங்கள் குடித்தனமே அந்த வசனங்களில்தான் ஓடியது.

மாலையாகியும் அவள் வரவில்லை. போனை எடுக்கவில்லை. கோபமா, விளையாட்டா? படத்தில் முள்ளெலி திரும்பி வருமா, வராதா? சத்தியமாக நினைவில்லை. இணையத்தில் தேடியதில் மூலமொழியில்தான் கிடைத்தது. அதில் அந்த இடத்தில் முள்ளெலி வெறுமனே தும்முகிறது, வாத்து கதவைப் பார்க்கிறது. என் குடும்பத்தைப் பிரித்த வசனம் அந்தப் படத்திலேயே இல்லை.

மறுநாள் அவள் அண்ணன் ஸெமோவித் ராடோமிலிருந்து கூப்பிட்டான்.

"மாப்ளே, அவ இங்க அம்மா வீட்லதான் இருக்கா. சாப்பிடல, அழுதுக்கிட்டே கிடக்கா. அப்படி என்னய்யா சொன்ன?"

"நான் எதுவும் சொல்லல. வாத்து சொன்னது."

"எந்த வாத்து?"

"ரெண்டாம் பாகத்துல வருமே, அது."

"அந்த முள்ளெலிப் படத்துக்கு ரெண்டாம் பாகமே கிடையாதே. குடிச்சிருக்கியா?"

ரயிலேறினேன். வழியெல்லாம் ஒன்றுதான் மனதில் ஓடியது. ஒரு வாரமாகவே அவள், "நாம கொஞ்சம் பேசணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் நான் வாத்துக் குரலில் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்தேன். சிரித்தாளா? சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

ஹல்ஷ்காவே வந்து கதவைத் திறந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"யாரு வந்திருக்கா? நீயா, வாத்தா?"

"நான்தான்."

"அப்ப பேசு."

வாயைத் திறந்தேன். 'கோபமும் சூப்பும் ஆறிட்டா ருசிக்காது' என்று வாய்வரை வந்தது. அது வாத்து. 'உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா' என்று வந்தது. அது முள்ளெலி, அதுவும் முதல் பாகம், ஊருக்கே தெரிந்த வசனம். ஆனால் அதுதான் உண்மை. உண்மையாக இருந்தும் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்ல என்னுடையது என்று ஒரு சொல்கூட இல்லையே என்று அழுகை முட்டியது.

ஜன்னல் இல்லாத அந்த மாடிப்படியில், தானாக அணையும் விளக்கு அணைந்தது. வீட்டுக்குள்ளும் வெளிச்சமில்லை. இருட்டில் அவள் கை சுவரைத் தடவும் சத்தம் மட்டும் கேட்டது. தேடியது விளக்கின் பொத்தானையா, கதவின் பிடியையா, தெரியவில்லை.