பதினோராவது வரி

பாலத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி மதியம் இரண்டு மணிக்கு வந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, மாலை ஆறு மணிக்குப் பிறகு எந்த வண்டியும் போகாது, எத்தனை நாளைக்கு என்று தெரியாது என்றார்கள். நான் வேலை செய்யும் சலவைக் கடையில் அப்போது துணிகளுக்கு எண் சீட்டு குத்திக்கொண்டிருந்தேன். முதலாளி கடையைச் சாத்தச் சொல்லிவிட்டார்.

வரும் வழியில் மளிகைக் கடை வாசல் முழுக்கக் கூட்டம். ஒருவர் ஏழெட்டு ரொட்டிப் பாக்கெட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரோ பிடுங்க வருவதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாலை வகுப்பில் நான் கிடங்குப் பராமரிப்பு படிக்கிறேன். அதை வைத்து ஒரு பட்டியல் போட்டு, பத்து நாளைக்கு வேண்டியதைக் கட்டிலுக்கு அடியில் நான்கு பெட்டிகளில் அடுக்கியிருந்தேன். ஞாயிறுதோறும் எடுத்து எண்ணுவேன். ஒரு வாரம்கூட எண்ணிக்கை பிசகியதில்லை. போன மாதம் அந்தப் பட்டியலைப் படியெடுத்து, எங்கள் கட்டடத்தின் பதினான்கு வீடுகளில் எங்கள் வீடு போக மற்ற பதின்மூன்றுக்கும் கொடுத்தேன். கடைசி நேரத்தில் எல்லோரும் கடைக்கு ஓட வேண்டாமே என்றுதான். அன்றிலிருந்து படிக்கட்டில் என்னைப் பார்த்தால், "லிஸ்டு வருது, வழி விடுங்க" என்பார்கள்.

வீட்டில் அக்கா வந்திருந்தாள். அவள் வீடு ஆற்றங்கரைத் தெருவில், தரைத்தளத்தில் இருக்கிறது. ஏழு மாதக் குழந்தையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள். குழந்தைக்குச் சாதாரணப் பால் ஆகாது. இரண்டாவது மாதத்தில் ஒரேயொரு முறை கொடுத்தபோது உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தது. அக்காவுக்குப் பால் வற்றிப்போன பிறகு, நீல மூடி போட்ட டின்னில் வரும் ஒரு மாவு மட்டும்தான்.

"எவ்வளவு கொண்டு வந்திருக்கே?" என்று கேட்டேன்.

"அடியில கொஞ்சம் இருக்கு. ராத்திரி வரைக்கும் தாங்கும். அதான் உன் பொக்கிஷத்துல நாலு டின் இருக்கே."

பெட்டியை இழுத்தேன். நான்கு டின்கள் இருந்தன. எண்ணிக்கை சரி. ஒன்றைக் கவிழ்த்து, அடியில் அச்சிட்டிருந்த தேதியைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். காலாவதியாகி ஐந்து வாரம் ஆகியிருந்தது. மற்ற மூன்றையும் கவிழ்த்தேன். நான்கும் ஒரே நாளில் வாங்கியவை, நான்கிலும் ஒரே தேதி.

பழையதை முதலில் எடுத்துச் செலவழி, புதியதைப் பின்னால் வை. வகுப்பின் முதல் பாடமே அதுதான். நானோ, அக்கா வரும்போதெல்லாம், "கட்டிலடிப் பெட்டியில கை வைக்காதே, அது ஆபத்துக்கு" என்று சொல்லி, அவளைக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"வாராவாரம் எண்ணினியே, அப்ப கண்ணு எங்க போச்சு?" என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"அஞ்சு வாரம்தானே. மாவு அதுக்குள்ள கெட்டுடுமா என்ன?" என்றாள் அம்மா.

"மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்போ நீதானேம்மா பக்கத்துல இருந்தே? எனக்கு அந்த ரிஸ்க் வேண்டாம்" என்றாள் அக்கா.

குடையைக்கூட எடுக்காமல் இறங்கினேன்.

மருந்துக் கடையில் பதினேழு பேர் நின்றார்கள். என் முறை வருவதற்குள் மணி நாலேகால் ஆகிவிட்டது. கடைக்காரர் நான் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டினார்.

"நீல மூடியா? தீந்துடுச்சும்மா. யாருமே வாங்காத சாமான் அது. இந்த மாசம் என்னமோ ஆறு பேர் வந்து ஆளுக்கு ஒண்ணு தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரே கட்டடத்துல இத்தனை குழந்தைக்கு ஒவ்வாமையான்னு நானே யோசிச்சேன்."

"எந்தக் கட்டடம்?"

"உங்க கட்டடம்தான். எல்லார் கையிலயும் ஒரே மாதிரி தாள், மேல உங்க கட்டடத்துப் பேரு. பதினோராவது வரியா இது எழுதியிருந்துச்சு."

நான் எங்கள் வீட்டுக்காகப் போட்ட பட்டியலை அப்படியே படியெடுத்திருந்தேன். இது எங்கள் குழந்தைக்கு மட்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை.

"தேதி தாண்டினதைக் கொடுக்கலாமா?"

"கொடுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அக்கரையில ஆஸ்பத்திரி வாசல் கடையில இருக்கும். ஆனா பாலத்தை இப்பவே அடைச்சுட்டாங்களாம். ஆறு மணி வரைக்கும் தண்ணி காத்துக்கிட்டு இருக்குமா?"

திரும்பி ஓடினேன். யார் அந்த ஆறு பேர் என்று அவருக்கும் தெரியவில்லை. கீழிருந்து ஒவ்வொரு வீடாகத் தட்டினேன். முதல் இரண்டு வீடுகள் பூட்டியிருந்தன. மூன்றாவதில் இருந்த மின்வேலைக்காரர் வாங்கியிருந்தார். ஆனால் டின் காலி.

"காப்பியில போட்டுப் பாத்தேன் லிஸ்டு, வாயில வைக்க முடியல. பூனை குடிச்சுது. ஏன், வேற பிராண்டு வாங்கியிருக்கணுமா?"

மேலே ஏறினேன். அடுத்த இரண்டு வீட்டிலும் வாங்கவில்லை என்றார்கள். இரண்டாம் மாடியில் தையல்காரம்மா கதவைத் திறந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவளுக்குப் பின்னால் தையல் மெஷின்மேல், நீல மூடியோடு டின் தெரிந்தது. பிரிக்கவே இல்லை.

"அந்த டின்னைக் கொடுங்கக்கா. அவசரம்" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கதவைக் கொஞ்சம் சாத்தினாள்.

"என்ன விஷயம்? நீ ஓடி நான் பாத்ததே இல்லையே."

"எங்களுக்கு வேணும்க்கா."

"நாலு பெட்டி வச்சிருக்கிற நீயே இப்படி ஓடி வர்றேன்னா, விஷயம் பெருசுபோல. அப்ப நான் எதை நம்பிக் குடுக்கிறது? உனக்கு எதோ தெரிஞ்சிருக்கு. சொல்ல மாட்டேங்கிறே."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேலேயும் யாரோ படியில் நின்று எட்டிப்பார்த்தார்கள். "கடையில எல்லாமே தீந்துடுச்சாம்" என்று ஒரு குரல் கேட்டது. நான் அப்படி யாரிடமும் சொல்லவில்லை. ஓடியது மட்டும்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றேன். "அது எங்க அக்கா குழந்தையோட பால் மாவு. வேற எதைக் குடுத்தாலும் மூச்சு முட்டும். என்கிட்ட இருக்கிற நாலும் தேதி தாண்டிடுச்சு. வாராவாரம் எண்ணினேன். தேதியைப் பாக்கல. உங்க தாள்ல அதை எழுதினதே தப்பு. எனக்குத்தான் கிறுக்கு."

படிக்கட்டில் எல்லோர் காதிலும் விழுந்தது. தையல்காரம்மா கதவை முழுதாகத் திறந்தாள்.

"அப்ப இது பெரியவங்களுக்கு இல்லையா?"

"இல்லக்கா."

"ஏதோ சத்து மாவுன்னு நினைச்சேன். பதினாலு வீட்லயும் வாங்குறாங்களே, நாம மட்டும் விட்டா எப்படின்னு வாங்கி வச்சேன்." உள்ளே போய் டின்னை எடுத்து வந்தாள். கொடுப்பதற்கு முன் அவளே கவிழ்த்துப் பார்த்தாள். "அடுத்த வருஷம்னு போட்டிருக்கு. நீயும் ஒருதடவை பாத்துக்கோ. மத்ததையெல்லாம் நான் இப்பவே பாக்கணும்."

அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டலமாகக் கவிழ்க்க ஆரம்பித்தாள். எதிர்வீட்டுப் பெண்ணும் உள்ளே போனாள். அங்கேயும் டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது.

வீட்டில் அக்கா வெந்நீரை ஆறவைத்து மாவைக் கலக்கினாள். குழந்தை குடித்தது. ஐந்து நிமிடம் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீங்கவில்லை. புது டின்தான், வீங்காது என்று தெரியும். ஆனாலும் பார்த்தோம்.

"எத்தனை நாளைக்கு வரும்?" என்றாள் அம்மா.

"நாலு நாள்."

"பாலம்?"

அக்கா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பூனை குடித்ததும் இந்த டின்னும் போக இன்னும் நான்கு இந்தக் கட்டடத்தில்தான் எங்கேயோ இருந்தன. தட்டாத கதவுகள் ஏழு.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கால் தானாக விரைந்தது. படிக்கட்டில் நான்கைந்து பேர் நின்று என் முகத்தையே பார்த்தார்கள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மெதுவாக ஏறினேன்.