மூட்டைப்பூச்சிக்கு வெயில்

அப்பாவைக் குளிப்பாட்ட மறைப்பு வேண்டியிருந்தது. பழைய சிவப்புப் போர்வையின் ஒரு முனையை அவள் ஜன்னல் கம்பியில் முடிந்தாள். மறுமுனையை மாமா பிடித்திருந்தார்.

"இறுக்கிக் கட்டு வாலு. மச்சானுக்கு வெக்கம் ஜாஸ்தி."

அழுத முகத்திலேயே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கரையில் வீடுகள் ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்து நின்றன. பக்கத்து வீட்டில் தாளித்தால் இங்கே தும்மல் வரும். ஆற்றின் நடுவே எல்லை. அக்கரையில் சர்க்கரைக்கு இரண்டு மடங்கு விலை. மாமா மூட்டை கடத்திய காலத்தில் ஒருநாள் குண்டடி பட்டது. அப்பாதான் படகில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து இடது கால் இழுக்கும். "ஒரு கால் இந்த நாட்டுக்கு, ஒரு கால் அந்த நாட்டுக்கு," என்பார் மாமா.

மாமா தண்ணீர் எடுக்கப் போனபோது, மலர்வளையத்தோடு ஒரு முதியவர் வாசலில் வந்து நின்றார். காவல் கோபுரத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவராம். அவர் கண் போர்வையில் நின்றது.

"இதை இன்னும் வச்சிருக்கீங்களா?"

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாமயா? கரை பூராத் துணி காயும். இந்தச் சிவப்பு மட்டும் தனியாத் தெரியும். இது தொங்குச்சுன்னா அன்னைக்குச் சாயங்காலம் சரக்கு போகுது. நாங்க தயாரா இருப்போம். உங்கப்பா மாதிரி நம்பிக்கையான ஆளு கிடைக்க மாட்டாரும்மா." பிறகு கனிவாகச் சொன்னார்: "நீதானே காயப் போடுவ? கொடி எட்டாம முக்காலியில ஏறுவியே. பைனாகுலர்ல பாப்பேன்."

அவள் மலர்வளையத்தை வாங்கிக்கொண்டாள்.

நனையாத போர்வையை ஏன் காயப் போட வேண்டும் என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். "மூட்டைப்பூச்சிக்கு வெயில் காட்டணும் வாலு," என்றார் அப்பா. "என் வீட்ல ஏது மூட்டைப்பூச்சி?" என்று அம்மா சண்டைக்கு வந்தாள். அப்பா கண் சிமிட்டினார்.

மாமா சுடப்பட்ட அன்றும் அவள்தான் ஏறினாள். விழுந்துவிடாமல் முக்காலியைப் பிடித்துக்கொண்டது மாமா.

அதன் பிறகு ஆற்றில் எல்லாப் படகுகளுக்கும் தடை வந்தது. அப்பாவின் படகு மட்டும் ஓடியது. அவள் கல்லூரிக்குப் போனது அந்தப் படகின் வருமானத்தில்.

தூக்கும் நேரம் வந்தது. மாமா முன்பக்கம் தோள் கொடுக்கக் குனிந்தார்.

"மாமா, நீங்க தூக்க வேணாம்."

"ஏன்?"

அவள் வாய் திறந்தாள். மாமா குனிந்தபடியே காத்திருந்தார்.

"கால்..."

"இந்தக் கால் உங்கப்பன் காப்பாத்திக் குடுத்தது. இன்னைக்காவது அவனுக்கு உதவட்டும்."

தெருமுனை வரை அப்பா இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனார்.

பக்கத்து வீட்டு அக்கா மறைப்பை அவிழ்த்து, அலசிப் பிழிந்து அவள் கையில் கொடுத்தாள். "கொடியில போட்டுடு. நல்ல வெயில்."

ஆற்றுப் பக்கக் கொடி காலியாகத்தான் இருந்தது. அவள் போர்வையை உள்ளே கொண்டுபோய்ச் சமையலறைக் கதவின் மேல் போட்டாள். தரையெல்லாம் சொட்டியது.