பன்னிரண்டாம் அறையின் சக்கரங்கள்

“கேட் பாஸ் வேணும் சார். மூணு பெட்டிக்கு. இன்னிக்கே.”

டீனின் அறையில் மின்விசிறியைத் தவிர எதுவும் அசையவில்லை. சுவரோரம் நின்ற ஸ்டோர் கீப்பர், கையிலிருந்த பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணாலேயே அவளிடம் கெஞ்சினார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவளுக்குச் சொல்லி வைத்தவர் அவர்தான்.

“இந்த ஆபீஸ்ல எது வேணாலும் கேளு, டேப்பு. லீவு கேளு. புது நாற்காலி கேளு, இல்ல என் நாற்காலியவே கேளு. கேட் பாஸ் மட்டும் கேட்டுடாத.”

பல்கலைக்கழகத்தின் பொருள் ஒன்று வாசலைத் தாண்டினால், அது திரும்பி வரும்வரை கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. எந்தக் காலத்திலோ ஒரு புரொஜக்டர் அப்படிப் போனது. போனது போனதுதான். கையெழுத்துப் போட்ட மனிதர் ஓய்வுபெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகும் வருஷத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அதிலிருந்து அந்தக் கட்டடத்தில் கேட் பாஸ் என்று யாரும் வாய் திறப்பதில்லை.

அவள் திறந்துவிட்டாள். இடுப்பில் எந்நேரமும் அளவு டேப்பைச் செருகிக்கொண்டு திரிந்ததால் எல்லாருக்கும் அவள் ‘டேப்பு’. வீட்டில் முதல் பட்டதாரி. துறையின் வடிவமைப்பு உதவியாளர். மின்பணிப் படிப்புக்குச் செய்முறைப் பயிற்றுநரும் அவளே. இரண்டு வேலை, ஒரே மேசை. அந்த மேசைக்கும் ஒரு கால் குட்டை.

“எந்த மூணு பெட்டி?” என்றார் டீன், கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே. பதினோரு மணிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

“நான் வரைஞ்ச பெட்டி சார். வெளிய போகணும்னு வரைஞ்சது.”

“அது பெட்டி இல்ல. அறை எண் பன்னிரண்டு.”

சொன்ன விதத்தைப் பார்த்தால், பெற்ற பிள்ளைக்கு அவரே பெயர் வைத்ததுபோல இருந்தது.

அவள் வரைந்தபோது அதற்கு எண் எதுவும் கிடையாது. ஆள் உயரத்தில் ஆறு பெட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் நான்கு ரப்பர் சக்கரங்கள், காலால் மிதித்தால் நிற்கும் பிரேக்கோடு. கொக்கியை விடுவித்தால் இரண்டு பக்கப் பலகைகளும் கீழே மடங்கி மேசையாகும். பின்பலகையை மேலே தூக்கினால் சுவர். அதில் சுவிட்ச் போர்டு, மீட்டர், ஃபியூஸ், ஒயர் இழுக்கக் குழாய். ஒரு பெட்டியில் நான்கு பேர் நின்று வேலை பழகலாம். ஒன்றோடொன்று கொக்கி போட்டால் ரயில்போல இழுத்துக்கொண்டு போகலாம். தள்ளிக்கொண்டு போய் விரித்தால் கால் மணி நேரத்தில் ஒரு வகுப்பறை தயார்.

சும்மா உட்கார்ந்து வரைந்ததில்லை. ஊருக்குள் நாற்பத்தி மூன்று கதவுகளை அளந்திருந்தாள். மருத்துவமனையின் பின்வாசல், அச்சகத்தின் பக்கவாசல், பஸ் பணிமனை, அட்டைப்பெட்டி ஆலையின் சைக்கிள் ஷெட். ஆகக் குறுகலான கதவு முப்பத்தோரு அங்குலம். அதனால் பெட்டியின் அகலம் இருபத்தொன்பது. இரண்டு அங்குலம் விரல் நசுங்காமல் இருக்க. பெட்டிகளைச் செய்துகொடுத்த வெல்டர் அண்ணன்கூட முறைத்தார்: “முப்பத்திரண்டா வெச்சா என் வேலை சுலபம்மா.” அவள் அசைந்து கொடுக்கவில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் பட்டத்துக்குப் படிக்க வேண்டும் என்றால் வகுப்பறைதான் அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று விளம்பரம் செய்தது இதே பல்கலைக்கழகம்தான். ‘உங்கள் வாசலுக்கு வரும் வகுப்பறை’ என்று பஸ் முதுகில்கூட ஒட்டியிருந்தார்கள். அதை நம்பி அட்டைப்பெட்டி ஆலையிலிருந்து பதினோரு பேர் மின்பணிப் படிப்பில் சேர்ந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி அவளுடைய அக்கா.

பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது. மதிப்பீட்டுக் குழுவின் படிவத்தில் ‘கற்றல் வெளிகளின் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் இருந்தது. எண் போட்ட அறைகளை மட்டுமே அதில் கணக்கில் எடுப்பார்களாம். சக்கரத்தில் ஓடுவதற்கு எப்படி எண் போடுவது? டீன் ஒரு மதியம் முழுக்க யோசித்தார். மறுநாள் ஆட்கள் வந்து, தரைத்தளத்துக் காலி அறையில் ஆறு பெட்டிகளையும் நிறுத்தி, பெட்டிக்கு நான்கு போல்ட் வீதம் தரையோடு சேர்த்து முடுக்கினார்கள். சக்கரம் தெரிந்தால் அசிங்கம் என்று சுற்றிலும் மரப்பலகை அடித்து மறைத்தார்கள். கதவில் பன்னிரண்டு என்று எழுதி, அதன் கீழே பெரிய எழுத்தில் ‘நெகிழ் கற்றல் வெளி’ என்று பலகை மாட்டினார்கள்.

அன்று அவள் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்திருந்தால் கடித்திருப்பாள்.

“பாரும்மா,” என்றார் டீன் இப்போது. “நாலு சக்கரத்த வெச்சுத் தெருவுல தள்ளிக்கிட்டுப் போனா என்ன சொல்லுவாங்க? பல்கலைக்கழகமா, தள்ளுவண்டிக் கடையான்னு கேக்க மாட்டாங்க?”

“தள்ளுவண்டிக் கடைக்காரன் சொன்ன எடத்துக்குச் சொன்ன நேரத்துக்கு வந்துடுவான் சார்.”

ஸ்டோர் கீப்பருக்கு இருமல் வந்தது. சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவர் முப்பது வருஷ அனுபவஸ்தர்.

“இன்னிக்குத்தான் கடைசி நாள்,” என்று அவள் விடாமல் தொடர்ந்தாள். “ஆளுக்கு முப்பது மணி நேரம் செய்முறை முடிக்கணும். ஆலையில ஷிஃப்ட்டு மாறுற ரெண்டு மணி நேரம்தான் கிடைக்கும், ரெண்டுலேருந்து நாலு. மாசக் கடைசிக்கு இன்னும் பதினஞ்சு வேலை நாள்தான் இருக்கு. இன்னிக்கு ஆரம்பிச்சா முப்பது. நாளைக்கு ஆரம்பிச்சா இருபத்தெட்டு. இருபத்தெட்டுன்னா பதினோரு பேர் பதிவும் ரத்து. நீங்க போட்ட விதிதான்.”

“தெரியும். அதுக்குத்தானே நேத்தே ரெக்கார்டு நோட்டு அனுப்பினேன்?”

அனுப்பியிருந்தார். பதினோரு பெயர்கள், பெயருக்குப் பதினைந்து கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் பென்சிலால் மெல்லிய டிக். கீழே பயிற்றுநர் கையெழுத்துக்கான கோடு மட்டும் காலி. அதோடு ஆறு புகைப்படங்கள்: டீனின் உதவியாளர்கள் மஞ்சள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆலைத் தொழிலாளிகளாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

அந்த நோட்டை நேற்று மாலை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படியில் அக்காவின் முன்னால் வைத்தாள். அக்கா ஷிஃப்ட்டு முடித்து வந்து, சூடான பசை தெறித்த விரல்களுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்போடு நின்றவள். தங்கை நிற்கக் கூடாது என்பதற்காக நின்றவள். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாததே சில நாள் தாங்க முடியாமல் இருக்கும்.

“என்னடி இது?”

“நான் கையெழுத்து போட்டா நீ பாஸ்.”

அக்கா பக்கத்தைப் புரட்டினாள். தன் பெயருக்கு நேரே இருந்த டிக்குகளை மருந்து ஒட்டிய விரலால் எண்ணினாள். “முப்பது மணி நேரம் படிச்சிருக்கேன்போல. பரவால்லையே. எனக்கே தெரியாம எவ்வளவு கெட்டிக்காரியா இருக்கேன் பாரு.”

“கிண்டல் பண்ணாதக்கா.”

“நாலு மாசமா வரும் வரும்னு சொன்ன. சைக்கிள் ஷெட்ட நாங்க பதினோரு பேரும் கழுவி வெச்சோம். சூப்பர்வைசர் போறப்ப வர்றப்ப, ‘எங்கம்மா உங்க காலேஜு, பஞ்சராயிடுச்சா?’ன்னு கேக்கறான். இப்ப காலேஜுக்குப் பதிலா பென்சில் கோடு வந்திருக்கு.”

“கையெழுத்து போட்டா நீ மெயின்டெனன்ஸ் பிரிவுக்கு மாறிடலாம். பசை நாத்தம் இருக்காது.”

அக்கா நோட்டை மூடினாள். குரலை உயர்த்தவில்லை. “போன வருஷம் மெயின்டெனன்ஸ்ல ஒருத்தன் ஏணியிலேருந்து விழுந்தான், ஞாபகம் இருக்கா? அவன்கிட்டயும் சர்ட்டிபிகேட்டு இருந்துச்சு. தாளைக் காட்டினா கரண்ட்டு மரியாதை குடுக்குமா? மெயின ஆஃப் பண்ணேனா இல்லையான்னு என் கைக்குத் தெரியணும்டி. தாளுக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?” பிறகு எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “சக்கரம் வெச்சேன் சக்கரம் வெச்சேன்னு பீத்திக்கிட்டியே. எங்களச் சுத்தி விடறதுக்கா?”

அந்தக் கேள்வி அவளோடு படுத்து, அவளோடு எழுந்தது.

“கையெழுத்து போட்டு நோட்ட வெச்சுட்டுப் போ,” என்றார் டீன். “உங்க அக்காவும் பாஸு, மத்த பத்துப் பேரும் பாஸு, குழுவும் சந்தோஷமாப் போகும். யாருக்கு என்ன நஷ்டம்?”

“யாருக்கும் ஒயர் பிடிக்கத் தெரியாது. அதான் நஷ்டம்.”

“போற எடத்துல கத்துப்பாங்க.”

“போற எடத்துல கத்துக்கறதுக்கு நீங்க எதுக்கு சார்?”

டீனின் முகம் மாறியது. அதுவரை பூசி மெழுகிய குரல் கழன்று விழுந்தது. “முதல் தலைமுறையா படிச்சு வந்தவங்களுக்குக் கொஞ்சம் நன்றி இருக்கும்னு நெனச்சுத்தான் உன்ன எடுத்தேன். என் தப்பு.”

“நன்றி நெறைய இருக்கு சார். அட்டைப்பெட்டி ஒட்டி என்னப் படிக்க வெச்சவளுக்கு. அதுல உங்களுக்குப் பங்கு கிடையாது.”

“வேலைய விட்டே தூக்கிடுவேன்.”

“தூக்குங்க. எழுத்துல குடுங்க. காரணம்னு என்ன எழுதுவீங்க?” அவள் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். கண்ணாடி மேசையில் பன்னிரண்டு நட்டுகள் கலகலவென்று உருண்டன. ஒன்று உருண்டு போய் டீனின் தேநீர்க் கோப்பையில் இடித்து நின்றது. “பன்னிரண்டாம் அறையில பாதிய இழுத்துக்கிட்டுப் போயிட்டாள்னு எழுதுவீங்களா?”

கேட் பாஸ் கேட்டது ஒரு மரியாதைக்குத்தான். காலை ஏழு மணிக்கே, பெருக்க வந்த ஆயா கதவைத் திறந்ததும் அவள் உள்ளே போய்விட்டாள். வெல்டர் அண்ணனிடம் வாங்கிய ஸ்பேனர், ஜாக்கி, ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர். மரப்பலகையை நெம்பி எடுத்து, மூன்று பெட்டிகளை விடுவித்து, போல்ட்டுகள் தட்டாமல் இருக்க ஒவ்வொன்றாக ஜாக்கி போட்டுத் தூக்கி நகர்த்தினாள். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. நான்கு பேருக்கு ஒரு பெட்டி. பதினோரு பேருக்கு மூன்று போதும். மற்ற மூன்றையும் குழு வந்து கண்குளிரப் பார்க்கட்டும்.

டீன் ஸ்டோர் கீப்பரைப் பார்த்துப் பாய்ந்தார். “நீர் என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தீர்?”

“நான் பதிவேட்ட எழுதிக்கிட்டிருந்தேன் சார்,” என்றார் அவர்.

டீன் தொலைபேசியை எடுத்தார். போலீஸை அழைக்க முடியாது. குழு வரும் நேரம். வாசல் காவலரிடம் கத்தவும் முடியாது, கதவு திறந்திருந்தது. ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னார்: “மெயின் கேட்டா? பட்டியல்ல இருக்கற எந்தப் பொருளும் கேட் பாஸ் இல்லாம வெளிய போகக் கூடாது. புரியுதா? பட்டியல்ல இருக்கற எதுவும்.”

வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “இப்ப போ. எவ்வளவு தூரம் போறேன்னு பாக்கறேன்.”

அவள் நோட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். பென்சில் டிக்குகளை அழிக்க ரப்பர் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று பெட்டிகளையும் கொக்கி போட்டு இழுத்தபோது வராந்தாவில் எல்லாத் துறைகளின் கதவுகளும் திறந்தன. “டேப்பு, வீடு மாத்தறியா?” என்றான் ஒருவன். இன்னொருத்தி, “பைத்தியம்” என்று அவள் காதில் விழும்படியே சொன்னாள். யாரும் கை கொடுக்கவில்லை. சரிவுப் பாதையில் பெட்டிகள் வேகமெடுத்தன. அவள் பின்னால் ஓடிப் பிரேக்கை மிதித்தாள். பிரேக் பிடித்தது. இத்தனை மாதத்தில் அதை மிதித்துப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

வாசலில் காவலர் கையை நீட்டி மறித்தார். “கேட் பாஸ்?”

“இல்ல.”

“பாஸ் இல்லாம ஒரு ஊசிகூட நகராது. டீன் இப்பத்தான் சொன்னாரு.” அவர் பட்டியலை எடுத்தார். வெளியே போய்விடக்கூடிய அத்தனை பொருட்களும் எண்ணோடு அதில் இருந்தன. நாற்காலி, ஏணி, கணினி, தண்ணீர்க் கேன். பெட்டியின் எண்ணைத் தேடி நான்கு பக்கமும் புரட்டினார். முதலிலிருந்து மறுபடி புரட்டினார்.

“இதுல இல்லையே.”

“இருக்காது. இது பன்னிரண்டாம் அறை. அசையாப் பொருள்னு வேற பதிவேட்டுல எழுதியிருக்காங்க. ஸ்டோர் கீப்பரக் கேளுங்க.”

அவர் தொலைபேசியில் கேட்டார். மறுமுனையில் ஸ்டோர் கீப்பர் பதிவேட்டை அட்சரம் பிசகாமல் வாசிப்பது அவளுக்கே கேட்டது: அறை எண் பன்னிரண்டு, தரையோடு பொருத்தியவை, அசையாப் பொருள். வாசித்து முடித்ததும் ஒரு இருமல்.

காவலர் தொலைபேசியை வைத்துவிட்டு, அவளையும் பெட்டிகளையும் வெறுப்போடு பார்த்தார். “அறைக்கெல்லாம் எங்கிட்ட பாஸ் கிடையாது. பட்டியல்ல இருந்தாத்தான் நான் புடிக்கணும். இல்லாததப் புடிச்சுட்டு நான் யாருக்குப் பதில் எழுதறது?”

“அதான் நானும் கேக்கறேன்.”

“நாளைக்கு உள்ள விட மாட்டாங்க உன்ன. பாத்துக்க.”

“நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்கு ஆலையில வகுப்பு இருக்கு,” என்றாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் வெல்டர் அண்ணன் சரக்கு வண்டியின் பின்கதவைத் திறந்து, பலகை போட்டு வைத்திருந்தார். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, முன்கொக்கியைப் பிடித்து இழுத்தாள். பின்னாலிருந்து யாரோ அவள் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டீனாகத்தான் இருக்கும். அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான் அப்படிக் கூப்பிடுவார். அவள் இழுத்துக்கொண்டே நடந்தாள்.