சல்லடைக் காலில் ஒரு பை

எட்டுப் போட்டால் ஏழுதான் வந்தது. சோலைமலை துணிப்பையை உள்ளும் புறமுமாகத் திருப்பி, விரித்த பேப்பரின் மேல் இன்னொரு தடவை உதறினான். கழிவுத் தூள்தான் கொட்டியது. தூளில் விரலால் கோடு போட்டுப் போட்டுத் தேடினான். நெல்மணி அளவில், ஒரு முனை மட்டும் நாதஸ்வரத்தின் வாயைப்போல விரிந்த பித்தளைக் குழல்கள் பேப்பர் ஓரத்தில் பளபளத்துக் கிடந்தன. எட்டாவதைக் காணோம். பையின் அடிமூலையில் தையல் விட்டு, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

“நான் தச்ச தையலுங்க. இறுக்கமாத்தான் தச்சேன்,” என்றாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவன் மனைவி வீரம்மா.

“அந்த மெசினு ஆட்டுற ஆட்டத்துக்கு இரும்பே விட்டுப்போகுது. நூலு எம்மாத்திரம் புள்ள,” என்றான்.

சோலைமலை இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் மெசின் பழுதுபார்க்கிற பிட்டர். கொழுந்தை வாட்டி அரைத்துச் சலிக்கிற தேயிலை ஆலையைத் தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்பார்கள். அங்கே எது நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகு மேலாளராக வந்த புதிய தொரைக்கு ஒருவகைப் பந்தயக் கார்களின் மேல் பைத்தியம். ‘டிராக்’ பந்தயமாம். ஒரே நேர்கோட்டில், மூச்சைப் பிடித்து விடுவதற்குள் ஓடி முடிந்துவிடுமாம். நிறுத்துவதற்குப் பின்னால் பாரசூட் விரியுமாம். அந்தக் கார்களை முழங்கை நீளத்தில் ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் பெட்டிகளைத் தொரையின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்புவார். பிளாஸ்டிக் இஞ்சின் தொரையின் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் சோலைமலையைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, புத்தகத்துப் படத்தைக் காட்டி, “இத நெசமான பித்தளையில செய்ய ஏலுமா?” என்று கேட்டார். தொரையிடம் முடியாது என்று சொல்லிப் பழகாத வாய், முடியும் என்று சொல்லிவிட்டது.

எப்படிச் செய்வது என்று சொன்ன பிறகுதான் யோசித்தான். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் கை தானாக வழி கண்டுபிடித்தது. உடைந்த ரேடியோவின் ஏரியலைக் கழற்றினால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பித்தளைக் குழாய்கள் கிடைத்தன. பழைய தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை நீவி எடுத்து, காரின் தரைத் தகடு செய்தான். ஒட்டு வைக்கிற பித்தளைக் கம்பியைக் கைத் துளைப்பானில் மாட்டிச் சுழற்றி, கூராக்கிய குடைக்கம்பியால் சீவினால், இஞ்சின் காற்றை இழுக்கிற குழல் பிறந்தது. முப்பது வருசமாக, பழுதான சாமானுக்குப் பதில் அதே மாதிரிச் சாமான் போட்டவன் அவன். முன்னால் இல்லாத ஒன்று தன் விரலிடுக்கில் உருவாவதை இப்போதுதான் பார்க்கிறான். அவனுக்கு அது பிடித்திருந்தது. வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

“அப்ப இந்தக் காரு வளைவுல திரும்பாதா?” என்று வீரம்மா ஒருமுறை கேட்டாள்.

“திரும்பாது. நேராத்தான் போகும்.”

“அட்டன்லருந்து இங்க வர்றதுக்குள்ள எத்தன வளைவு! நம்ம ரோட்டுல விட்டா மொத வளைவுலயே ஆத்துக்குள்ளதான் போயி நிக்கும். இதுக்கு ஒரு தொரை, அதுக்கு ஒரு பிட்டரு,” என்று சிரித்தாள்.

சிரித்தாலும் பையைத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். குழல்களில் அரத்தின் கீறல் போகவே இல்லை. துணியால் தேய்த்தால் விரல்தான் எரிந்தது. சலித்து ஒதுக்கிய கழிவுத் தூளோடு சேர்த்து ஒரு பையில் போட்டு, நாள் முழுக்க ஆடுகிற சல்லடை மெசினின் காலில் கட்டிவிட்டால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. சல்லடையில் வேலை செய்கிற வீரம்மா காலையில் கட்டி, மாலையில் அவிழ்த்து வருவாள். தூள் உரசி உரசி, இரண்டு மூன்று நாளில் பித்தளை பொன்னாகிவிடும். அந்த ஆலையில் யாருக்கும் தெரியாமல் இப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது.

காணாமல்போன குழலை இருவரும் சல்லடையைச் சுற்றித் தேடினார்கள். பலகை இடுக்கில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். சோலைமலை வேறொன்று செய்து, எட்டையும் தொரையிடம் கொடுத்தான். “ஒன்னு தவறிப்போச்சுங்க, அதான் சொணங்கிருச்சு,” என்றான். எங்கே போகும் என்று தொரை சிரித்தார்.

அது சல்லடைக் காலடியில் கொட்டிக் குவிகிற தூளுக்குள் போயிருந்தது. தூளில் ஆணியோ இரும்புத் துணுக்கோ கிடந்தால் பிடிப்பதற்குச் மூட்டை கட்டுகிற இடத்தில் காந்தம் தொங்குகிறது. பித்தளையைக் காந்தம் என்ன செய்யும்? அதைச் சோலைமலையை விட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனாலும் அந்த நேரத்தில் அவன் மூளைக்கு அது எட்டவில்லை. சில வாரம் கழித்து, தூளில் உலோகம் கிடந்தது என்று கொழும்பிலிருந்து மூட்டைகள் திரும்பி வந்தன.

ஆபீசில் விசாரணை வைத்தார்கள். தொரை நாற்காலியில் இருந்தார். ஆலைக்குப் பொறுப்பான டீமேக்கர் இராசரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், மடித்த காகிதத்தை மேசையில் பிரித்தார். சல்லடையில் வேலை செய்யும் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். வீரம்மா இருந்தாள். போன வருசம்தான் வேலைக்குச் சேர்ந்த ஊர்மிளாவும் இருந்தாள். காகிதத்தில் கிடந்தது காணாமல்போன எட்டாவது குழல். அந்த அறையில் அது என்னவென்று தெரிந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

“பிட்டர், இது எங்கட மெசினில உள்ள சாமானோ?” என்று டீமேக்கர் கேட்டார்.

மெசின் சாமான் என்றால் பிட்டரின் தலை உருளும். சோலைமலை அதை மட்டும்தான் நினைத்தான். “இல்லீங்க. நம்ம மெசினுல இப்புடி ஒன்னு இல்லீங்க,” என்றான்.

மெசினில் இல்லையென்றால் பெண்களின் உடம்பில் இருந்ததாகத்தான் இருக்கவேண்டும். சல்லடை அறைக்குள் நகை போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பது சட்டம். அதனால்தான் துளை தூர்ந்துபோகாமல் பெண்கள் காதில் ஈர்க்குச்சி செருகியிருப்பார்கள். டீமேக்கர் ஒவ்வொரு காதாகப் பார்த்துக்கொண்டு வந்தார். “ஆரின்ரை இது? உண்மையைச் சொல்லுங்கோ.” ஊர்மிளா சின்னக் கம்மலைக் கழற்றாமல் தலைத்துணிக்குள் மறைத்து வருவது எல்லாருக்கும் தெரியும். அவள் அழத் தொடங்கினாள்.

“அந்தப் புள்ள இல்லீங்க,” என்றாள் வீரம்மா. “என்னோடதுங்க அது. தோட்டுத் திருகு. பித்தளைங்க. கழட்ட மறந்துட்டேங்க.”

தொரை அதை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். விரிந்த வாயைப் பார்த்தார். ஒரு நிமிடம் அவர் ஏதாவது சொல்லிவிடுவார் என்று சோலைமலை பயந்தான். சொல்லமாட்டாரா என்றும் இருந்தது. அவர் அதைத் திரும்பக் காகிதத்தில் வைத்தார். “நாளையிலருந்து கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்புங்க,” என்றார்.

அவ்வளவுதான். வீரம்மா ஸ்டோருக்கு வந்ததே, முன்னொரு மழையில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிய பிறகுதான். அந்தக் காலோடு அவள் மறுபடி காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றாள். செடி கீறாமல் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டாள். ஏற்றத்தில் மற்றவர்கள் தேயிலை நிரையை முடித்துத் திரும்பும்போது அவள் பாதியில் நிற்பாள். “வெரசா வா, பித்தளைத் தோடு!” என்று கங்காணி கத்துவது ஸ்டோர் வாசல் வரைக்கும் கேட்கும். பெயர் ஒட்டிக்கொண்டது. லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள்கூட அப்படிச் சொல்லத் தொடங்கின.

வீரம்மா வீட்டில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்து, மற்றக் காலைக் கையால் தூக்கி வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவனுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பொறுக்கமாட்டாமல் பங்களாவுக்குப் போனான்.

தொரை வராந்தாவில் காரை ஒட்டிக்கொண்டிருந்தார். முன்சக்கரம் சைக்கிள் சக்கரம்போல மெலிந்தும், பின்சக்கரம் தடித்தும், நீண்டு கிடந்தது கார். எட்டுக் குழலும் இஞ்சின் மேல் நிமிர்ந்து நின்றன.

“தொரைங்களே, அது வீரம்மாவோடது இல்லீங்க.”

“தெரியும்.” அவர் நிமிரவில்லை. “அன்னைக்கு நீ மெசின் சாமான்னு சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டி முடிச்சிருப்பேன்.”

அப்படி ஒரு வழி இருந்தது சோலைமலைக்கு அதுவரை தோன்றவே இல்லை.

“இப்ப டீமேக்கர்கிட்ட போயி சொல்லிர்றேங்க.”

“சொன்னா அவ பொய் சொன்னதா ஆகும். உனக்கு வேல போகும். வேல போனா குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். கொழும்புல என்னையும் கேப்பாங்க.” பிறகு ஒரு படத்தை அவன் பக்கம் தள்ளினார். “பொகக் குழாய் எப்ப முடியும்?”

அவன் காம்பராவுக்குத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. வீரம்மா விளக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்து, சுடுதண்ணியில் துணியை நனைத்து முழங்காலில் போட்டுக்கொண்டிருந்தாள். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. வீங்கிய முழங்கால் தனியாக வேறு யாருடையதோபோல இருந்தது.

“தொரைகிட்ட சொல்லிட்டேன் புள்ள.”

“அவருக்குத் தெரியாததா?” என்றாள்.

“இனிமே அந்தக் கம்பியத் தொடமாட்டேன். சத்தியமா.”

வீரம்மா துணியைப் பிழிந்த கையோடு நிமிர்ந்தாள். அவளுக்கு இவ்வளவு கோபம் வந்து அவன் பார்த்ததில்லை.

“தொடாம? அப்ப நான் எதுக்கு மலைக்குப் போறேன்? உங்க வேலைக்காகன்னு நெனச்சீங்களா? வேல போனா நோட்டன் பிரிட்ஜில மக வீட்டுக்குப் போயி கூலி வேல பாத்துக்கலாம். அந்தக் கம்பிய வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பீங்களே, அப்ப உங்களுக்கு ஒரு மொகம் வரும். கல்யாணம் கட்டி இத்தன வருசமா நான் பாக்காத மொகம். அது போயிறக் கூடாதுன்னுதான் என்னோடதுன்னு சொன்னேன். இப்ப வந்து தொடமாட்டேங்கிறீங்க.”

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. அவன் சாமான் போட்டுவைக்கிற டின்னைத் திறந்து ஏரியல் குழாயை எடுத்தான். ஒடியாமல் வளைப்பதற்காக உள்ளே மணலை அடைத்தான். அரத்தை எடுத்து முனையை ராவினான். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. குழாய் வளைந்தும் கொடுத்தது. முகம் எப்படி இருக்கிறதோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து தலையை இன்னும் குனிந்தான்.

வீரம்மா முழங்காலிலிருந்து துணியை எடுத்து வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே கையை ஊன்றி நகர்ந்து வந்தாள். விளக்கைத் தூக்கி, அவன் முகத்துக்கு நேராக வைத்தாள்.