பதில் வராமல் நகர்த்தாதே

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவன் யாரோ, நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறான். பேசும், கேட்காது. காலையில் பல் துலக்கும்போது வாய் நுரையோடு ஆரம்பிக்கிற ஒலிபரப்பு, போர்வையை இழுத்து மூடுகிறவரை ஓயாது. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. தெருவில் எந்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் குழாயை அடைப்பதற்குள் அந்த வீட்டுக்காரர் பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும், எந்த அணிக்குக் கை தட்ட வேண்டும், குப்பைத் தொட்டியை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்லி முடித்திருப்பார்.

"வாசல் பல்பு ஃபியூஸ் போயி ஒரு மாசமாகியும் மாத்தாதவன், பொண்டாட்டி பேச்சை எங்க கேக்கப் போறான்?" என்பார். "பெனால்டி அடிக்க வர்றப்ப பந்தைப் பாக்காதே, இடுப்பைப் பாரு. இடுப்பு பொய் சொல்லாது" என்பார். "ஆட்டம் நடக்கும்போது மைதானத்துக்குள்ள இறங்குற அப்பனைப் பிடிச்சு உள்ள தள்ளணும்" என்பார். இதையெல்லாம் விட அவருக்குப் பிடித்த கருத்து ஒன்று உண்டு. அடுத்த வீட்டில் ஏதாவது சண்டை என்று காதில் விழுந்தால் போதும், மார்பை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்: "எங்க வீட்ல அந்தப் பிரச்சினையே இல்ல. நாங்க எதுவா இருந்தாலும் மனசு விட்டுப் பேசிடுவோம்." கேட்டுக்கொண்டே அவர் மனைவி தட்டுகளை அடுக்குவாள்.

அவருடைய மகளுக்குப் பதினேழு வயது. பேட்டைப் பெண்கள் கால்பந்து அணியில் அவள்தான் கோல்கீப்பர். அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ஜெயித்தால் அவளுக்கு மாநில அணித் தேர்வுக்கு அழைப்பு வரும் என்று கோச் சொல்லியிருந்தார். அதிலிருந்து ரேடியோவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அவருக்குத் தெரியாத ஒன்றை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் பயிற்சியில் பந்துக்குப் பாய்ந்தபோது அந்தப் பெண்ணின் தலை கோல் கம்பத்தில் மோதியது. இரண்டு நிமிஷம் எங்கே இருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கோச் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். எழுந்து கையுறையைத் தட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தாள். வந்தபோது அப்பா டீயை ஆற்றிக்கொண்டே, தலைவலி என்று அரையிறுதியில் விலகிவிட்ட எதிரணி கோல்கீப்பரை வறுத்துக்கொண்டிருந்தார்.

"தலைவலியாம்! தலைவலிக்கு ஆட்டத்தை விடுறவ, நாளைக்குக் குடும்பம் நடத்துவாளா? கம்பத்துக்கு நடுவுல நிக்கிறவளுக்குத் தலையே இருக்கக் கூடாது, கையும் காலும்தான் இருக்கணும்!"

மகள் வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். அறைக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

அதற்குப் பிறகு கண்ணுக்கு நேராக எத்தனையோ நடந்தது. மேசையில் இருந்த தம்ளரை எடுக்கப் போன அவள் கை, தம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. "ஃபோனையே நோண்டினா கண்ணு இப்படித்தான் போகும்" என்றார். வெளிச்சம் வேண்டாம் என்று திரையை இழுத்து மூடினாள். "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு வெயிலே ஆகாது" என்றார். வெள்ளிக்கிழமை காலை மனைவி, "என்னங்க, இவ நேத்தும் வாந்தி எடுத்தா" என்று ஆரம்பித்தாள்.

"ஃபைனல்னா வயித்தைக் கலக்கத்தான் செய்யும். கலக்கலைன்னாதான் பயப்படணும்."

"அதில்லப்பா," என்றாள் மகள். "அன்னைக்கு பிராக்டிஸ்ல நான்..."

"பிராக்டிஸ்ங்கவும்தான் ஞாபகம் வருது. உங்க கோச்சுக்கு கார்னர் கிக் எப்படித் தடுக்கிறதுன்னே தெரியல. நான் சொல்றேன் கேளு." சொன்னார். இருபது நிமிஷம் சொன்னார். உப்பு டப்பாவை எதிரணியாகவும் கரண்டியைக் கம்பமாகவும் வைத்துக் காட்டினார். முடிவில், "ஞாயித்துக்கிழமை ஒண்ணைக்கூட உள்ள விடக் கூடாது, சரியா?" என்றார்.

"ம்" என்றாள் மகள். ரேடியோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை அவருக்குப் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. லிஃப்ட் ஏறும்போது கீழ்த்தளத்தில் ஒரு கரகரப்பு. லிஃப்ட் பெட்டியின் தலைமேல் இவர் நின்றார். அடியில், லிஃப்ட் இறங்கி நிற்கிற குழிக்குள், கூட்டாளி நெட்டை. பத்தொன்பது வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிற ஜோடி. ஆறடி இரண்டங்குல மனிதனை ஏன் குழிக்குள் இறக்குகிறீர்கள் என்று மேலதிகாரி ஒருமுறை கேட்டதற்கு, "மேல இருந்தா இவன் பேச்சைப் பக்கத்துலேர்ந்து கேக்கணும் சார்" என்று பதில் சொன்னவர் நெட்டை.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. பெட்டியை ஒரு சாண் நகர்த்துவதானாலும் மேலே இருக்கிறவன் "நகத்தவா?" என்று கேட்க வேண்டும். கீழே இருக்கிறவன் "நகத்து" என்று வாய் திறந்து முழுசாகச் சொல்ல வேண்டும். "ம்" செல்லாது. இருமல் செல்லாது. சத்தமே வராவிட்டால், கை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. பதில் வராத குழியில் ஆள் என்ன நிலையில் இருக்கிறான் என்று மேலே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? வேலைக்குச் சேர்ந்த வருஷம், இன்னொரு ஜோடியில் ஒருவன் "ம்" என்ற சத்தத்தை நம்பி நகர்த்தினான். குழிக்குள் இருந்தவனின் சவ ஊர்வலத்தில் ரேடியோவும் நடந்தார். இத்தனை பேசுகிற மனிதர் அந்தச் சட்டத்தை மட்டும் ஒருநாளும் மீறியதில்லை.

"நகத்தவா?" என்றார்.

பதில் இல்லை.

"டேய் நெட்டை! நகத்தவா?"

கீழிருந்து ஏதோ முனகல் மாதிரி வந்தது. ரேடியோ சுவிட்சைப் பூட்டினார், சாவியைச் சட்டைப் பையில் போட்டார், மூன்றாம் மாடிக் கதவு வழியாக வெளியே வந்து படியிறங்கி ஓடினார். நெட்டை குழிக்குள் முழங்காலில் நின்றிருந்தார். கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் சட்டைக் கை சிக்கி, பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் முனகல். துணியைக் கிழித்து இழுத்து விட்டதும் இருவரும் கொஞ்ச நேரம் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"நீ நகத்தியிருந்தா இந்தக் கை தோளோட போயிருக்கும்" என்றார் நெட்டை.

"பதில் வராம எவன்டா நகத்துவான்?"

நெட்டை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இங்கதான் நீ இப்படி. வீட்ல யாராவது பதில் சொல்றவரைக்கும் காத்திருக்கியா? உன் பொண்டாட்டி பாவம்."

"எங்க வீட்ல அந்தப் பிரச்சினையே இல்ல" என்று ஆரம்பித்தார் ரேடியோ. எப்போதும் சரளமாக வருகிற அந்த வாக்கியம் பாதியில் நின்றது. ஏன் நின்றது என்று அவருக்கே பிடிபடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் இருட்டறையில் படுத்திருந்தாள். "நல்லா ரெஸ்ட் எடு" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். என்னமோ உறுத்தியது. கேட்கலாம் என்றும் தோன்றியது. நாளைக்கு ஃபைனலை வைத்துக்கொண்டு எதையாவது கிளறுவானேன் என்று மென்று முழுங்கிவிட்டார். இதை மட்டும் பின்னால் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பேட்டையே கூடியிருந்தது. ரேடியோ வழக்கம்போல மகளுடைய கோல் வலைக்குப் பின்னால் இடம் பிடித்தார். பத்தாவது நிமிஷம் ஒரு பந்து வந்தது. சும்மா உருண்டு வந்த பந்து, குழந்தைகூடத் தடுத்துவிடும். மகள் அதற்கு ஒரு முழம் தள்ளிப் பாய்ந்தாள். பந்து வலைக்குள் போனது. கூட்டம் "அய்யோ" என்றது.

"இடுப்பைப் பாக்கச் சொன்னேன்ல!" என்று ரேடியோ கத்தினார். கத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கக் கம்பத்தைப் பிடித்தாள். முதல் தடவை கை கம்பத்தில் படவில்லை. தம்ளர் ஞாபகம் வந்தது அவருக்கு.

அடுத்து எதிரணிக்குக் கார்னர் கிக். மூலையில் ஒரு பெண் பந்தை வைத்துவிட்டு நின்றாள். கோலுக்கு முன்னால் பத்துப் பேர் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். அந்த நெரிசலுக்குள் மகள் பாய வேண்டும்.

"பாப்பா, ரெடியா?"

பதில் இல்லை. அவள் புறங்கையால் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா! ரெடியா?"

"ம்" என்றாள்.

எத்தனை "ம்"! இத்தனை வருஷமாக, அந்தச் சாப்பாட்டு மேசையில், தினமும் எத்தனை "ம்" வாங்கிக்கொண்டு நகர்த்தியிருக்கிறார்!

வெள்ளைக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கினார். நடுவர் விசிலை ஊது ஊது என்று ஊதினார். "யோவ் ரேடியோ, வெளிய வாய்யா!" என்று ஒருவர். "உள்ள எறங்குற அப்பனை ஜெயில்ல போடணும்னு நீதானே சொன்னே?" என்று இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு முகம் எரிந்தது, கால் நிற்கவில்லை. மகளுக்கு முன்னால் போய் நின்றார்.

"பந்து எங்க இருக்கு? காட்டு."

அவள் கையைத் தூக்கினாள், இறக்கினாள்.

"எதைக் காட்டறது?" என்றாள். "ரெண்டு இருக்குப்பா."

அவர் அவளுடைய கையுறைகளைக் கழற்றினார். நடுவர் பக்கத்தில் வந்து ஏதோ கோபமாகச் சொன்னார், அது அவர் காதில் ஏறவில்லை. "எத்தனை நாளா?"

"பன்னெண்டு நாளா. தலை கம்பத்துல மோதினதுலேர்ந்து."

"ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லல?"

அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். நேரம் கேட்டால் நேரம் சொல்கிற குரலில்தான் சொன்னாள்: "சொல்ல வந்தேம்பா. மூணு தடவை. நீங்க பேசிட்டிருந்தீங்க."

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, மூளை நன்றாகக் குலுங்கியிருக்கிறது என்றார். அது ஆறுவதற்குள் தினமும் விளையாட விட்டதால்தான் இத்தனை நாள் இழுத்திருக்கிறது. இன்னொரு அடி பட்டிருந்தால் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டோம். பார்வை பெரும்பாலும் சரியாகிவிடும், எப்போது என்று இப்போதே சொல்ல முடியாது. பந்து பக்கம் போவதை மறந்துவிடுங்கள். இருட்டான அறையில், சத்தமில்லாமல் படுத்திருக்க வேண்டும்.

மாநிலத் தேர்வைப் பற்றி யாரும் பேசவில்லை. மனைவி டாக்டரம்மாவிடம், வாந்தி எந்தெந்த நாள், தலையைப் பிடித்துக்கொண்டது எந்தெந்த நாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "இதையெல்லாம் ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இருபது வருஷத்தில் அவர் அந்தப் பார்வையை முதல் தடவையாகப் பார்த்தார். முதல் தடவையாக வந்ததா, இவர் முதல் தடவையாகக் கவனித்தாரா, அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

மகளைப் படுக்கவைத்த அறையில் திரை இழுத்திருந்தது. மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஒண்ணும் இல்ல பாப்பா, அப்பா இருக்கேன்" என்று ஆரம்பித்து ஆயிரம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"பாப்பா," என்றார் மெல்ல. "உள்ள வரவா?"

பதில் இல்லை.

"தூங்குறா போல. வாங்க" என்றாள் மனைவி.

அவர் அசையவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு, கண்ணைத் திறக்காமலே மகள், "ம்" என்றாள்.

அவர் அதற்கும் அசையவில்லை. வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ. கட்டிலில் மகள் கண்ணைத் திறந்து, இன்னும் இரண்டாகத் தெரிகிற அப்பா வாசலிலேயே நிற்பதைப் பார்த்தாள்.

"இப்ப வேணாம்பா," என்றாள்.

"சரி" என்றார் அவர். வேறொன்றும் சொல்லாமல் கதவுக்கு வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.