அறுபதில் ஓடிய மானிட்டர்

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், அவள் முதல் தடவையாகச் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டது மானிட்டர் வாங்கப் போன கடையில்தான்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர். பகலில் அது அவளுக்கு. குழந்தைகள் புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைவாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் வேலை முடிந்து வந்து கிரீஸ் போகக் கை கழுவினால், அதற்குப் பிறகு அவனுக்கு. நாலு பேர் அணி சேர்ந்து சுட்டுத்தள்ளும் விளையாட்டு. இப்போது மேசையில் இன்னொரு மானிட்டருக்கு இடம் பண்ணியாயிற்று. ஒன்றே ஒன்றுக்கு. நிறத்தை உள்ளபடி காட்டுவதை வாங்குவதா, படத்தை வேகமாக ஓட்டுவதை வாங்குவதா என்று வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

அவளுக்குப் பிழைப்பே அதில் இருந்தது. திரையில் ரோஜாக் கன்னத்தோடு சிரித்த அட்டைப் பாப்பா, அச்சாகி வந்தபோது மஞ்சள் பூத்துப் போயிருந்தது. "குழந்தைக்குக் காமாலையா?" என்று கேட்டார் பதிப்பாளர். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தர வேண்டும். அதிலும் சொதப்பினால், வரிசையில் நிற்கும் ஆறு புத்தகங்களும் வேறு கைக்குப் போய்விடும். அதைவிட அவளை அரித்தது இன்னொன்று. கோளாறு மானிட்டரிலா, தன் கண்ணிலேயேவா? கணவன் வேறு அன்றிலிருந்து, "காமாலை டாக்டர், காபி உண்டா?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தான்.

அவன் புலம்பல் வேறு மாதிரி. அணியில் மற்ற மூவருக்கும் இருபது, இருபத்தொன்று வயது. அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் பெருசு. எந்த ஆட்டத்திலும் முதலில் செத்துப்போவது பெருசுதான். "கை வேகமாத்தான் போகுது, மானிட்டர்தான் இழுக்குது" என்பான்.

ஆனால் அவளிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. செவ்வாய்க்கிழமை நிறத்தைச் சரிபண்ணலாமென்று செட்டிங்ஸைக் குடைந்தபோது கண்ணில் பட்டது. நொடிக்கு நூற்று நாற்பத்து நாலு தடவை படம் மாற்றக்கூடிய அந்த மானிட்டர், பெட்டி பிரித்த நாளிலிருந்து அறுபதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நாலு வருஷம்! "வெண்ணெய்ல வழுக்குற மாதிரி ஓடுது பாருங்க" என்று வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் பிடித்து உட்காரவைத்துக் காட்டினானே மனுஷன்! தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, சத்தமில்லாமல் வேகத்தை ஏற்றி வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவன் ஏழு ஆட்டம் ஆடினான். ஏழிலும் முதல் ஆளாகச் செத்தான். அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. கோளாறு மானிட்டரில் இல்லை. அவனுக்கு வயது நாற்பத்து நாலு. அதை எந்த வாயால் சொல்வது?

மறுநாள் கடையில், விற்பனைக்கார அம்மாள் முதலில் இரண்டும் சேர்ந்த ஒன்றைக் காட்டினார்: நிறமும் உண்டு, வேகமும் உண்டு. விலையைக் கேட்டதும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் சுவரில் தொங்கிய கீபோர்டுகளை ரசிக்க ஆரம்பித்தார்கள்.

"இதைப் பாரு, இருநூத்தி நாப்பது!" என்றான் அவன், அடுத்ததைத் தட்டி. "எலி ஓடினாக்கூட மீசை தெரியும்."

"நம்ம வீட்ல எலியே இல்லீங்களே."

"இப்ப வச்சிருக்கிறது எவ்வளவு சார்?" என்று விற்பனைக்கார அம்மாள் கேட்டார்.

"நூத்தி நாப்பத்தி நாலு" என்றான். ஒரு கணம் அவளைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும், அவன் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். நாக்கு துறுதுறுத்தது. "ஆமா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

பிறகு கைப்பையிலிருந்து பென்டிரைவையும் அச்சான அட்டையையும் எடுத்தாள். அவன் கேட்ட மானிட்டர், வீட்டில் இருப்பதற்கு அண்ணன், அதே கம்பெனி. அதில் படத்தைத் திறந்ததும் பாப்பா ரோஜாக் கன்னத்தோடு சிரித்தது. பக்கத்தில் நிறத்துக்கென்று வைத்திருந்த மானிட்டரில் அதே படத்தைத் திறந்தார்கள். மஞ்சள். கையிலிருந்த அட்டையில் இருந்த அதே மஞ்சள்.

அவன் அட்டையை வாங்கி இரண்டுக்கும் நடுவில் பிடித்தான். மாறி மாறிப் பார்த்தான்.

"உன் கண்ணுல ஒண்ணும் இல்ல" என்றான் கடைசியில். "பொய் சொன்னது நான் வாங்கிட்டு வந்த சனியன்தான். நீலமா காட்டியிருக்கு, நீ மஞ்சளைப் போட்டு ஈடுகட்டியிருக்க." விற்பனைக்கார அம்மாளிடம் திரும்பினான். "இந்த நிறத்தையே குடுத்துடுங்க."

அவள் கடை நடுவில் அழுதுவிடுவோமோ என்று பயந்து, மறுபடி கீபோர்டுகளைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் பதிப்பாளர் போன் பண்ணினார். "பாப்பா பொழச்சிருச்சும்மா. ஆறும் உங்களுக்குத்தான்." அதைச் சொல்ல அவள் ஓடி வந்தபோது, பழைய மானிட்டரின் முன்னால் அவன் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தான். "பெருசு அவுட்!" என்று அதற்குள்ளேயிருந்து கூச்சல் கேட்டது.

விஷயத்தைக் கேட்டதும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு திரையைக் காட்டிச் சொன்னான்: "இனிமே இதைக் குறை சொல்ல முடியாது. நீதான் போன செவ்வாய்க்கிழமையே வேகத்தை ஏத்தி வச்சிட்டியே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா?"

"உட்கார்ந்ததுமே மவுஸ் அம்பு வழுக்கிட்டுப் போச்சு. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். நாலு வருஷமா அறுபதுல ஆடியிருக்கோமேன்னு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. அதுக்கப்புறம் ஏழு தடவை செத்தேன் பாரு, அப்பதான் நெஜமாவே கஷ்டமா போச்சு."

"பின்ன கடையில எதுக்கு அந்தக் கூத்து?"

"இன்னும் வேகமா வாங்கினா கையோட பழைய வேகம் திரும்பி வந்துடுமோன்னு ஒரு நப்பாசைதான்." சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை.

அவள் அவனை இடித்துத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாகத் துப்பாக்கியைத் தூக்கினாள். சுவரில் முட்டினாள். திரும்பினாள். பத்தாவது நொடியில் செத்துப்போனாள்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"மானிட்டர் சரியில்லீங்க" என்றாள்.